ஒரே ஆன்டிஜென், எதிரெதிர் விளைவு: அட்ஜுவன்ட் டி செல்லின் போக்கை எப்படித் திருப்புகிறது?

#1 கார்முகில்

வணக்கம். நோய் எதிர்ப்பியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் பாடநூலில் அட்ஜுவன்ட் என்பதை "ஆன்டிஜெனுக்கு எதிரான வினையைப் பெருக்கும் பொருள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள் (ஆன்டிஜென் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பொருள்). அந்த வரியை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை என்னால் விளக்க முடியவில்லை.

நரம்புகளைப் போர்த்தும் மயலின் உறையின் புரதத் துண்டு ஒன்றை ஃப்ராய்ண்டின் முழு அட்ஜுவன்ட்டில், அதாவது கொன்ற மைக்கோபாக்டீரியா கலந்த கனிம எண்ணெயில் குழைத்துச் சுண்டெலிக்கு ஊசி போட்டால், மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி வந்து கால்கள் செயலிழக்கின்றன. மைக்கோபாக்டீரியாவை மட்டும் விட்டுவிட்டு, அதே துண்டை அதே எண்ணெயில் கொடுத்தால் நோய் வருவதில்லை. இதுவரை சரி. ஆனால் அந்த எலிக்கே பின்னர் முழு அட்ஜுவன்ட்டோடு கொடுத்தாலும் அது நோயிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது!

பெருக்கும் பொருளைக் குறைத்தால் வினை குறைய வேண்டும். எதிர்த்திசையில் ஏன் போகிறது? நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுவான டி செல் அங்கே என்ன கற்றுக்கொள்கிறது?

#2 நெடுவழி

நல்ல கேள்வி. ஒரு சிறு திருத்தம்: பல எலி இனங்களில் அந்த நோயை வரவழைக்க முழு அட்ஜுவன்ட் மட்டும் போதாது, கக்குவான் கிருமியின் நச்சையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்கள் கேள்வியின் அடிப்படை அதனால் மாறாது.

"பெருக்கும் பொருள்" என்ற வரையறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் காஸ்டோன் ரமோன் குதிரைகளுக்கு டிப்தீரியா டாக்சாய்டு (வீரியம் நீக்கிய நச்சு) போட்டு எதிர்நச்சு (நச்சை முறிக்கும் எதிர்ப்பொருள்) எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகளிடம் எதிர்நச்சு அதிகம் கிடைத்ததைக் கவனித்து, மரவள்ளி மாவு போன்றவற்றை வேண்டுமென்றே கலந்து பார்த்தார். 1926இல் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தால் வீழ்படிவாக்கிய டாக்சாய்டு கினிப்பன்றிகளில் நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். இவர்கள் அளந்தது எதிர்நச்சின் அளவை மட்டுமே. அளவைப் பார்த்தவர்களுக்குப் பெருக்கம்தான் தெரிந்தது.

திருப்பம் 1960களின் தொடக்கத்தில் வந்தது. டேவிட் டிரெஸ்ஸர் மாட்டின் காமா குளோபுலினை மிகுவேகச் சுழற்சியில் சுழற்றி, ஒட்டித் திரண்டிருந்த துகள்களை நீக்கினார். தெளிந்த புரதத்தை வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தபோது எதிர்ப்பொருள் உருவாகவில்லை. பிறகு அதே புரதத்தை அட்ஜுவன்ட்டோடு கொடுத்தும் அந்த எலிகள் அசையவில்லை. திரண்ட துகள்களோடு கொடுத்திருந்தாலோ முதலிலேயே அட்ஜுவன்ட் சேர்த்திருந்தாலோ வழக்கமான எதிர்ப்பு வந்திருக்கும். ஆக, வெறும் புரதம் உடலில் நுழைவது ஒன்றும் நடக்காத நிகழ்ச்சி இல்லை. அதுவே ஒரு பாடம். அந்தப் பாடத்தின் பெயர் சகிப்பு. எண்ணெயில் மட்டும் கொடுத்த மயலின் துண்டும் ஏறத்தாழ அதே பாடத்தைத்தான் நடத்துகிறது.

ஏன் என்பதற்குக் கோட்பாடு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. 1970இல் பிரெட்ஷரும் கோனும் செல்லுக்கு இரண்டு சமிக்ஞைகள் வேண்டும் என்றார்கள். 1975இல் லாஃபர்ட்டியும் கன்னிங்ஹாமும் அதை டி செல்லுக்குப் பொருத்தினார்கள். 1987இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை ரசாயனத்தால் உறையவைத்து டி செல்களுக்குக் காட்டினார்கள். ஆன்டிஜென் தெரிந்தது, இரண்டாம் சமிக்ஞை இல்லை. அந்த டி செல்கள் பின்னர் நல்ல செல்களைச் சந்தித்தபோதும் பெருக்கத்தைத் தூண்டும் ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க மறுத்தன. இதைத்தான் அனர்ஜி என்கிறோம். இரண்டாம் சமிக்ஞையில் முதன்மையானது டி செல்லின் சிடி28 என்ற ஏற்பியை, ஆன்டிஜெனைக் காட்டும் செல்லின் பி7 மூலக்கூறு தொடுவது. அந்த பி7ஐ மேலே கொண்டுவருவது எது? 1989இல் சார்ல்ஸ் ஜேன்வே சொன்ன விடை: நுண்ணுயிரிகளுக்கே உரிய வடிவங்களைக் கண்டுகொள்ளும் ஏற்பிகள். அட்ஜுவன்ட் இல்லாமல் தங்கள் சோதனைகள் நடப்பதில்லை என்பதைத் துறையினர் வெளியே பேசாத சிறு ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் அப்போது கடிந்துகொண்டார். 1997இல் மெட்ஜிடோவும் ஜேன்வேயும் மனித டோல் ஏற்பியைக் காட்டினார்கள். 1998இல் பாய்ட்லர் குழு, சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சை உணர்வது டோல் வகை ஏற்பியான டிஎல்ஆர்4 என்று நிறுவியது.

#3 வெண்ணிலவன்

சுருக்கமாகச் சொன்னால் இது ஒரு சுவிட்ச். ஆபத்து உண்டா இல்லையா என்பதே கேள்வி. பாலி மாட்ஸிங்கர் 1994இல் முன்வைத்த ஆபத்துக் கோட்பாடு இதை அழகாக விளக்குகிறது. நுண்ணுயிரியே தேவையில்லை, சிதைந்த செல்லின் உள்ளடக்கம் கசிந்தாலே போதும். 1953இல் பில்லிங்ஹாம், பிரென்ட், மெடவார் மூவரும் பிறந்த குட்டிகள் அயல் செல்களைச் சகித்துக்கொள்ளும் என்று காட்டியதையே மாட்ஸிங்கர் குழு 1996இல் புரட்டிப் போட்டது. ஆன்டிஜெனை டி செல்லுக்குக் காட்டுவதில் தேர்ந்த டென்ட்ரிடிக் செல்களை ஆண் எலியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது பிறந்த பெண் குட்டிகள் சகிக்கவில்லை, எதிர்த்தன. வயது காரணமில்லை, யார் காட்டுகிறார்கள் என்பதே காரணம்.

ஆபத்து இருந்தால் டி செல் விழிக்கும். இல்லாவிட்டால் தூங்கும். இதற்கு மேல் சிக்கலாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

#4 ஆய்வுமேசை

வெண்ணிலவன், 1996 ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. "தூங்கும்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கார்முகிலின் கேள்விக்கு விடை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

1994இல் ஜென்கின்ஸ் ஆய்வகம் ஒரே ஆன்டிஜெனை அறியும் டி செல்களை எலிக்குள் செலுத்தி, நிணநீர் கணுவில் அவற்றை நேரடியாக எண்ணியது. ஆன்டிஜெனை அட்ஜுவன்ட் இல்லாமல் இரத்தத்தில் கொடுத்தபோதும் அந்தச் செல்கள் விழித்தன, பெருகின. சில நாட்களில் பெரும்பாலானவை மறைந்தன. எஞ்சியவை மறுபடி ஆன்டிஜெனைக் கண்டபோது மந்தமாகவே வினையாற்றின. அட்ஜுவன்ட்டோடு கொடுத்தபோது பெருக்கம் கூடுதல். அதைவிட முக்கியம், செல்கள் நிலைத்தன, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் இருக்கும் பகுதிக்குள் நுழைந்தன. 2001இல் நுசென்ஸ்வைக், ஸ்டைன்மன் குழு ஆன்டிஜெனை டிஇசி-205 என்ற ஏற்பியின் வழியாக நேரே டென்ட்ரிடிக் செல்லுக்குள் அனுப்பியபோதும் இதே கதைதான்: முதலில் பெருக்கம், பிறகு மறைவு, பிறகு மௌனம். டென்ட்ரிடிக் செல்லின் சிடி40 என்ற ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருளைக் கூடவே கொடுத்ததும் அந்த மௌனம் எதிர்ப்பாக மாறியது.

சகிப்பு என்பது நடந்து முடிந்த ஒரு வினை. டி செல் ஆன்டிஜெனைப் பார்க்கிறது, பிரிகிறது, பிறகு தன்னை அடக்கிக்கொள்கிறது அல்லது இறக்கிறது. அட்ஜுவன்ட் குறுக்கிடுவது இந்த இரண்டாம் பாதியில். 1995இல் வெளியான ஒரு சோதனையில் பெருந்திரளான டி செல்களை ஒரேயடியாகத் தூண்டும் சூப்பர் ஆன்டிஜென் கொடுத்துப் பெருகவைத்த டி செல்கள் வழக்கம்போல் மடியவிருந்தபோது எண்டோடாக்சின் கொடுத்தார்கள், செல்கள் பிழைத்தன. பிற செல்களைக் கொல்லும் வகையான சிடி8 டி செல்களுக்கு ஐஎல்-12 என்ற புரதம் போன்ற மூன்றாம் சமிக்ஞை வேண்டும் என்பதும் பின்னர் தெரிந்தது.

இப்போது திசை மாறும் இடம். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் மட்டும் சூழ்ந்திருக்கையில் முதன்முறையாக ஆன்டிஜெனைக் காணும் கன்னி டி செல், ஃபாக்ஸ்பி3 என்ற புரதத்தை ஏற்றிக்கொண்டு மற்ற டி செல்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாறுகிறது. அதே டிஜிஎஃப்-பீட்டாவோடு ஐஎல்-6 சேர்ந்தால், அழற்சியை நடத்தும் டிஎச்17 செல்லாக மாறுகிறது. 2006இல் இது தெளிவானது. மைக்கோபாக்டீரியா வரவழைக்கும் சைட்டோகைன்களில் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதங்களில்) ஐஎல்-6 முக்கியமானது. ஒரே செல், ஒரே ஆன்டிஜென். கூட வரும் ஒரு மூலக்கூறு அதை அடக்குபவனாகவோ தாக்குபவனாகவோ ஆக்குகிறது. இதற்கும் முன்பே 2003இல் பாசாரேயும் மெட்ஜிடோவும் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள்: டோல் ஏற்பியால் தூண்டப்பட்ட டென்ட்ரிடிக் செல் சுரக்கும் ஐஎல்-6, ஏற்கெனவே இருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களின் பிடியிலிருந்து மற்ற டி செல்களை விடுவிக்கிறது.

கார்முகில், உங்கள் எண்ணெய் மட்டும் கொடுத்த எலியில் குறைந்த வினை நடக்கவில்லை. வேறு வினை நடந்தது. மயலினை அறிந்த செல்களில் சில போயின, சில மந்தமாயின, சில காவலர்களாயின. பிறகு நீங்கள் முழு அட்ஜுவன்ட்டைக் கொண்டுவரும்போது அது சந்திப்பது பழைய எலியை இல்லை.

#5 கார்முகில்

மிக்க நன்றி. மூன்றாம் நாளில் செல்களை எண்ணினால் சகிப்பும் எதிர்ப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்கிறீர்களா? இன்னொன்று: எண்ணெயும் அட்ஜுவன்ட்தானே? அது மட்டும் எப்படிச் சும்மா இருக்கிறது?

#6 ஆய்வுமேசை

முதல் கேள்விக்கு: ஏறத்தாழ ஆம். பெருக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. எண்ணெய் சும்மா இருப்பதில்லை. அது ஆன்டிஜெனைப் பல வாரங்கள் ஒரே இடத்தில் பிடித்துவைக்கிறது. புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுகளில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996இல் டூஸ் என்பவரின் ஆய்வுகளில், எண்ணெயில் குழைத்த சில சிறு பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) கட்டியைத் தாக்கும் டி செல்களை முடக்கின. கட்டிகள் வேகமாக வளர்ந்தன. எதிர்ப்பைத் தூண்டக் கொடுத்தது சகிப்பில் முடிந்தது. 2013இல் ஓவர்விக் குழு காரணத்தின் பெரும்பகுதியைக் காட்டியது. தோல் புற்றுநோயான மெலனோமாவின் ஜிபி100 பெப்டைடை எண்ணெயில் கொடுத்தபோது, உருவான சிடி8 செல்கள் கட்டியை நோக்கிப் போகாமல் ஊசி போட்ட இடத்துக்கே திரும்பின. தீராத ஆன்டிஜென் அங்கே இருந்ததால் அங்கேயே தளர்ந்து மடிந்தன. சீக்கிரம் கரையும் நீர்க் கலவையில், சிடி40 தூண்டலும் இன்னொரு டோல் ஏற்பியான டிஎல்ஆர்7இன் தூண்டலும் சேர்த்துக் கொடுத்தபோது செல்கள் கட்டியைச் சென்றடைந்தன.

வெண்ணிலவனின் சுவிட்ச் இங்கே உதவாது. ஊசி போட்ட இடத்தில் ஆபத்துச் சமிக்ஞை நிறையவே இருந்தது. எவ்வளவு காலம், எங்கே என்பது தவறாக அமைந்தது.

டி செல்லின் பிடிமானத்தையும் மறக்க வேண்டாம். 2008இல் மெக்ஹைசர்-வில்லியம்ஸ் ஆய்வகம், அட்ஜுவன்ட் மாறும்போது ஆன்டிஜெனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் டி செல்கள் தேர்வாகின்றன என்பதும் மாறுவதைக் காட்டியது. எத்தனை செல்கள் என்று மட்டும் கேட்பவர்கள், எந்தச் செல்கள் என்பதைத் தவறவிடுகிறார்கள்.

#7 தோல்மருத்துவர்

இந்த இழையில் தோலுக்கும் இடம் வேண்டும். ஒவ்வாமைத் தோல் அழற்சியில் இந்தக் கேள்வியை நாங்கள் நாள்தோறும் சந்திக்கிறோம்; அங்கே ஊசியும் இல்லை, அட்ஜுவன்ட் என்று யாரும் எதையும் சேர்ப்பதும் இல்லை.

டிஎன்எஃப்பி என்ற சிறு மூலக்கூறைத் தோலில் தடவினால் உறுதியாகக் கூருணர்வு (அடுத்த முறை தொட்டால் ஒவ்வாமை வரும் நிலை) ஏற்படுகிறது. அதன் நெருங்கிய உறவான டிஎன்டிபியைத் தடவினால் சகிப்பு ஏற்படுகிறது. பின்னர் டிஎன்எஃப்பி தடவினாலும் வினை அடங்கியே வருகிறது. இரண்டும் புரதத்தில் ஒட்டும் பகுதி ஒன்றுதான். டிஎன்எஃப்பி தோலை எரிச்சலூட்டுகிறது, டிஎன்டிபி எரிச்சலூட்டுவதில்லை. எரிச்சல்தான் அங்கே அட்ஜுவன்ட். ஒரே மூலக்கூறு ஆன்டிஜெனாகவும் அட்ஜுவன்ட்டாகவும் வேலை செய்கிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது நிக்கல். மனிதர்களில் மிகப் பரவலான தொடு ஒவ்வாமை அதுதான். எலிக்கு வெறும் நிக்கலால் அதை வரவழைப்பது கடினம். எண்டோடாக்சினோ வேறு அட்ஜுவன்ட்டோ சேர்க்க வேண்டும். 2010இல் காரணம் தெரிந்தது. மனித டிஎல்ஆர்4இல் 456, 458 ஆகிய இடங்களில் உள்ள ஹிஸ்டிடின்களை நிக்கல் அயனி நேரே பிடித்து அந்த ஏற்பியை இயக்குகிறது. எலியின் ஏற்பியில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. மனித டிஎல்ஆர்4ஐ எலிக்குக் கொடுத்ததும் அதற்கும் நிக்கல் ஒவ்வாமை வந்தது. இரண்டு அமினோ அமிலங்கள், ஓர் உலோகத்தை அட்ஜுவன்ட்டாக மாற்றிவிட்டன!

அளவையும் சொல்ல வேண்டும். 2002இல் ஐசன்பார்த் என்பவரும் உடனாய்வாளர்களும் எலிகளின் மூக்கில் முட்டை வெண்புரதமான ஓவால்புமினைச் செலுத்தினார்கள். எண்டோடாக்சின் நீக்கிய புரதத்துக்குச் சகிப்புதான் வந்தது. 0.1 மைக்ரோகிராம் எண்டோடாக்சின் சேர்த்தபோது ஒவ்வாமையை நடத்தும் டி செல் வினையான, ஆஸ்துமா வகை டிஎச்2 வினை வந்தது. 100 மைக்ரோகிராம் சேர்த்தபோது, செல்லுக்குள் வாழும் கிருமிகளை எதிர்க்கும் வகையான டிஎச்1 வினை. ஒரே அட்ஜுவன்ட், ஒரே ஏற்பி. அளவு மட்டுமே வேறு. இரண்டு திசைகளை மட்டும் வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது.

உணவு ஒவ்வாமையிலும் இதே வடிவம் தெரிகிறது. விரிசல் விட்ட தோல் வழியே நுழையும் புரதம் கூருணர்வை உண்டாக்குகிறது, ஏனென்றால் புண்பட்ட தோல் தானாகவே டிஎஸ்எல்பி, ஐஎல்-33 போன்ற எச்சரிக்கை மூலக்கூறுகளைச் சுரக்கிறது. வாய் வழியே குடலை அடையும் அதே புரதம் சகிப்பைத் தருகிறது. 2015இல் வெளியான, லீப் என்ற நிலக்கடலை ஒவ்வாமை ஆய்வில் 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வாமை ஆபத்து மிகுந்த அந்தக் குழந்தைகளில் நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. தவறாமல் உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு மட்டுமே.

#8 மருந்தியல்மாணவி

இதைப் படிக்கும்போது ஒரு கவலை எழுகிறது. அட்ஜுவன்ட் சகிப்பை உடைக்கும் என்றால், தடுப்பூசியில் உள்ள அட்ஜுவன்ட் நம் உடலின் சொந்தப் புரதங்கள் மீதான சகிப்பையும் உடைக்காதா? பெற்றோர்கள் இதைக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. "பயப்பட ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

#9 நெடுவழி

அப்படிச் சொல்லி அனுப்பத் தேவையும் இல்லை. முழு உண்மையையும் சொல்லலாம்.

முதலில், சகிப்புக்குப் பல அடுக்குகள் உண்டு. தன் புரதங்களை இறுக்கமாகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பான்மை அவை முதிரும் தைமஸ் சுரப்பியிலேயே நீக்கப்படுகின்றன. எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தும் செல்கள் கண்காணிக்கின்றன. அந்தச் செல்களைக் கண்டறிந்ததற்காகத்தான் சக்காகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து, எலிகளில் நோய் வரவழைக்கும் சோதனையில் மயலின் துண்டையே பெருமளவில் ஃப்ராய்ண்டின் முழு அட்ஜுவன்ட்டோடு குழைக்கிறார்கள். அவ்வளவு கடுமையான கலவை மனிதத் தடுப்பூசிகளில் பயன்படுவதில்லை. தடுப்பூசியில் அட்ஜுவன்ட்டோடு சேர்ந்து வருவது கிருமியின் ஆன்டிஜென்.

அந்தச் சேர்க்கை ஏன் முக்கியம் என்பதற்கு 2006இல் பிளாண்டரும் மெட்ஜிடோவும் செய்த சோதனை நல்ல சான்று. டென்ட்ரிடிக் செல் விழுங்கிய துகள்களில் எந்தத் துகளில் டோல் ஏற்பியைத் தூண்டும் பொருளும் இருந்ததோ, அந்தத் துகளின் ஆன்டிஜெனையே அது டி செல்லுக்குச் சிறப்பாகக் காட்டியது. கூடவே விழுங்கிய வெறும் துகளின் ஆன்டிஜென் பின்தங்கியது. தன் செல்லின் குப்பையையும் கிருமியையும் ஒரே நேரத்தில் விழுங்கும் செல், இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இது ஒரு வழி.

அரிதான தீங்கு நடந்ததும் உண்மை. 2009 பன்றிக் காய்ச்சல் பரவலின்போது ஐரோப்பாவில் பயன்பட்ட பாண்டம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பிறகு, குறிப்பாகப் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சிறுவர்களிடையே நார்கோலெப்சி என்ற தூக்க நோய் அதிகரித்தது. அதில் ஸ்குவாலீன் எண்ணெயும் ஆல்ஃபா டோக்கோஃபெராலும் கொண்ட ஏஎஸ்03 அட்ஜுவன்ட் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட அனைவரிடமும் எச்எல்ஏ-டிக்யூபி1*06:02 என்ற மரபணு வடிவம் இருந்தது. ஸ்குவாலீன் கொண்ட இன்னொரு அட்ஜுவன்ட்டான எம்எஃப்59 சேர்த்த தடுப்பூசிகளில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆகவே அட்ஜுவன்ட் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. மரபணு, வைரஸ் புரதம், அட்ஜுவன்ட் மூன்றும் சந்திக்கும் இடத்தைத்தான் ஆராய்கிறார்கள். பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அலுமினிய உப்புகள் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டு வருவதையும் கூடவே சொல்லுங்கள்.

நல்ல அட்ஜுவன்ட் என்ன தரும் என்பதற்கு அக்கி தடுப்பூசியைப் பாருங்கள். வயது ஏற ஏறத் தளரும் டி செல் நினைவைத் தூண்ட வேண்டிய நோய் அது. எம்பிஎல், க்யூஎஸ்-21 என்ற இரு தூண்டுபொருள்கள் சேர்ந்த ஏஎஸ்01 அட்ஜுவன்ட் கொண்ட தடுப்பூசி, 2015இல் வெளியான ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.2 சதவீதம் பலன் தந்தது. 2005இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்த, அட்ஜுவன்ட் இல்லாத உயிர் வைரஸ் தடுப்பூசியின் பலன் 51 சதவீதம்.

#10 மருந்தியல்மாணவி

இதை அப்படியே எடுத்துச் சொல்வேன். நன்றி. இதையே தலைகீழாக்கி, சகிப்பைக் கற்பிக்கும் தடுப்பூசி செய்ய முடியுமா?

#11 ஆய்வுமேசை

செய்துகொண்டிருக்கிறார்கள். மேலே பேசிய அத்தனையும் அங்கே பயன்படுகிறது.

காலரா நச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நச்சை ஆன்டிஜெனோடு வாய்வழி கொடுத்தால் வாய்வழிச் சகிப்பு உடைகிறது. 1984இலேயே தெரிந்த செய்தி. அதே நச்சின் பி துணை அலகை மட்டும் ஆன்டிஜெனோடு பிணைத்துக் கொடுத்தால் சகிப்பு பல மடங்கு எளிதாகிறது என்று 1994இல் ஹோல்ம்கிரென் குழு காட்டியது. முழு நச்சின் துணுக்கு கொஞ்சம் கலந்திருந்தாலும் முடிவு மாறும்.

2021இல் பயோஎன்டெக் ஆய்வாளர்கள் மயலின் துண்டுக்கான எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான குறிப்பில்) யூரிடின் என்ற அலகுக்குப் பதிலாக அதன் மாற்றுருவான மெத்தில்சூடோயூரிடினை வைத்து, இரட்டை இழை ஆர்என்ஏ மாசையும் நீக்கி, கொழுப்புத் துகளில் எலிகளுக்குக் கொடுத்தார்கள். நுண்ணுயிரிகளை உணரும் ஏற்பிகள் விழிக்கவில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகின, முடக்கும் நோய் அடங்கியது. ஆன்டிஜெனோடு, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தான ராபமைசினை நுண்துகளில் அடைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. அது அட்ஜுவன்ட்டுக்கு நேர் எதிரான வேலை.

எலியில் அடங்கிய நோய் மனிதரில் அடங்குவது வேறு கதை. எலிக்கு நோய் வரும் நாள் நமக்குத் தெரியும். நோயாளி நம்மிடம் வரும்போது அவருடைய டி செல்கள் ஏற்கெனவே நினைவுச் செல்களாகிப் பல புரதங்களுக்குப் பரவியிருக்கும். நினைவுச் செல்களுக்கு இரண்டாம் சமிக்ஞையின் தேவையும் குறைவு. அட்ஜுவன்ட்டை நீக்கினால் மட்டும் அவை அடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

#12 வெண்ணிலவன்

சுவிட்ச் என்ற சொல்லைக் கைவிடுகிறேன். ஆனால் ஆபத்துக் கோட்பாடு தோற்றுவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். தோல்மருத்துவர் சொன்ன எரிச்சலும் புண்பட்ட தோலும் அதற்கு ஆதரவான சான்றுகள்தான்.

#13 கார்முகில்

அனைவருக்கும் நன்றி. ஓவால்புமினை அறியும் டி செல்களை எலிக்குள் செலுத்தி, அட்ஜுவன்ட் இல்லாமலும் எண்டோடாக்சினோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டமிட்டுள்ளேன். தொடங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

#14 ஆய்வுமேசை

கடையில் வாங்கும் ஓவால்புமினில் பெரும்பாலும் எண்டோடாக்சின் கலந்திருக்கும். எண்டோடாக்சினை அளக்கும் லிமுலஸ் சோதனையைச் செய்யாமல் அதை "அட்ஜுவன்ட் இல்லாத" குழுவுக்குக் கொடுக்காதீர்கள். 0.1 மைக்ரோகிராமே போக்கை மாற்றும் என்று மேலே பார்த்தோம். ஈ. கோலையில் உற்பத்தி செய்த புரதம் என்றால் இன்னும் கவனம் தேவை.

எண்டோடாக்சினை ஆன்டிஜெனோடு ஒரே நேரத்தில் கொடுங்கள். பல மணிநேரம் முன்னதாக உடல் முழுவதும் பரவும்படி கொடுத்தால், டென்ட்ரிடிக் செல்கள் அதற்குள் முதிர்ந்துவிடும். புதிதாக வரும் ஆன்டிஜெனைச் சிடி8 செல்களுக்குக் காட்டும் திறன் குறைந்துவிடும். 2006இல் வில்லடாங்கோஸ் குழு காட்டியது இது. உங்கள் "எதிர்ப்பு" குழு மந்தமாகத் தெரிந்தால் முதலில் இந்த நேர இடைவெளியைச் சந்தேகியுங்கள்.

பி7 மேலே வந்திருப்பதை மட்டும் வைத்து டென்ட்ரிடிக் செல் தயாராகிவிட்டது என்று எழுத வேண்டாம். 2005இல் ஸ்போரியும் ரெய்ஸ் எ சூசாவும், அக்கம்பக்கத்து அழற்சியால் மட்டும் தூண்டப்பட்ட டென்ட்ரிடிக் செல்களிலும் பி7 ஏறுவதையும், அவை டி செல்களைப் பெருக்குவதையும் காட்டினார்கள். ஆனால் அந்த டி செல்கள் உதவிச் செல்களாக முதிரவில்லை.

மூன்றாம் நாள் ஒரு முறை, இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு முறை எண்ணுங்கள். அதன்பின் எல்லாக் குழுக்களுக்கும் ஆன்டிஜெனை முழு அட்ஜுவன்ட்டோடு மறுபடி கொடுத்துப் பாருங்கள். சகிப்பு வந்ததா என்பதற்கு விடை அந்த இரண்டாம் சந்திப்பில்தான் கிடைக்கும். ஆன்டிஜெனே பார்க்காத எலிகளின் குழு ஒன்றையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் சகித்த எலியையும் எதையும் அறியாத எலியையும் உங்களால் பிரித்தறிய முடியாது.